வேலையை விட்டுவிட்டு மென்பொருள் நிறுவனம் தொடங்கலாமா? (திருப்பூர் ஜாப் ஒர்க் செயலி)

கேள்வி – 14 ஜூன் 2025

கோவையில் ஒரு ஐடி நிறுவனத்தில் மூத்த பொறியாளராக இருக்கிறேன். என் மாமா திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறார். நூல் வாங்கி நிட்டிங்குக்கு அனுப்பி, அங்கிருந்து சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஒவ்வொரு வேலையும் கூலிக்கு வெளியே நடக்கும் (ஜாப் ஒர்க்). துணி இப்படி ஊர் முழுவதும் சுற்றி வரும்போது எந்த இடத்தில் எத்தனை கிலோ நிற்கிறது என்பது அவருக்கே தெரியாது. சலான் (சரக்கோடு அனுப்பும் சீட்டு) புத்தகத்தையும் வாட்ஸ்அப்பையும் வைத்துக்கொண்டு தேடுவார். அதற்காக இரவு நேரங்களில் ஒரு செயலி எழுதினேன். இப்போது மாமாவின் கம்பெனி உட்பட ஆறு கம்பெனிகள் அதை இலவசமாகப் பயன்படுத்துகின்றன. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். கல்லூரி நண்பன் ஒருவன் பாதிப் பங்குக்கு என்னோடு சேரத் தயாராக இருக்கிறான். சென்னையில் ஒரு முதலீட்டாளர், முழுநேரமாக வந்தால் பேசலாம் என்றார். வேலையை விட்டுவிடலாமா?

14 ஜூன் 2025, இரவு

இப்போது விட வேண்டாம். நான் கோவையில் பவுண்டரிகளுக்கும் லேத் ஒர்க்‌ஷாப்புகளுக்கும் ஆர்டர் கண்காணிப்பு மென்பொருள் விற்றுப் பிழைப்பவன். உங்கள் கேள்வியில் ஆறு கம்பெனிகள் இருக்கின்றன, ஒரு நண்பர் இருக்கிறார், ஒரு முதலீட்டாளர் இருக்கிறார்; பணம் கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை.

நம் ஊரில் நேரில் வந்து காட்டுகிற பையனிடம் "நல்லா இல்லை" என்று சொல்லும் முதலாளியை நான் இன்னும் சந்தித்ததில்லை. டீ வாங்கித் தருவார், தம்பி கெட்டிக்காரன் என்பார், அடுத்த அறையில் இருக்கும் மகனைக் கூப்பிட்டு அறிமுகம் செய்து வைப்பார். விலையைச் சொன்ன பிறகு அவர் முகத்தில் வருவதுதான் உங்கள் செயலிக்கான விமர்சனம். ஆறு பேரிடமும் ஓர் ஆண்டுக்கு 36,000 ரூபாய், முன்பணமாக, இந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். எத்தனை பேர் தருகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு மேலே பேசலாம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்த ஆறு கம்பெனிகளிலும் சலானைச் செயலியில் பதிவது யார்? முதலாளியா, மேலாளரா, கணக்குப் பிள்ளையா, அல்லது நீங்களே தினமும் போன் போட்டுக் கேட்டுப் பதிகிறீர்களா? கடைசியாகச் சொன்னது நடக்கிறது என்றால், அவர்கள் மென்பொருளைப் பயன்படுத்தவில்லை, உங்களைப் பயன்படுத்துகிறார்கள்.

15 ஜூன் 2025

நேற்று விட்டுப்போன ஒன்று, அவசரமானதும்கூட. செயலியை இரவில் எழுதியதாகச் சொல்கிறீர்கள். எந்தக் கணினியில்? அலுவலக மடிக்கணினியில் என்றால் அடுத்த வரியை எழுதுவதற்கு முன் நிறுத்துங்கள். உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்து முழுவதுமாகப் படியுங்கள். 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணியின் பகுதியாக எழுதப்படுவதற்கு முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவர்தான். பணிக்குத் தொடர்பில்லாமல் சொந்த நேரத்தில் எழுதியது அதில் சேராது என்று வாதாடலாம்; ஆனால் பல ஐடி நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் அதையும் சேர்த்து வளைத்திருக்கும், வேறு தொழில் செய்யக் கூடாது என்ற வரியும் தனியாக இருக்கும். முதலீட்டாளரின் வழக்கறிஞர் முதலில் கேட்கிற காகிதமே இதுதான். அப்போது கண்டுபிடிப்பதைவிட இப்போது தெரிந்துகொள்வது மலிவு.

வெளியாளை வைத்துத் திரைகளை வடிவமைத்திருந்தால் கதை தலைகீழ். அவர் உங்கள் பணியாளர் அல்லர் என்பதால், பணம் முழுவதும் கொடுத்திருந்தாலும், எழுத்தில் உரிமை மாற்றம் இல்லாவிட்டால் அது அவருடையதே. எழுதி வாங்கும்போதும் காலம், இடம் இரண்டையும் குறிப்பிட்டு வாங்குங்கள். 19ஆம் பிரிவு, காலம் சொல்லாவிட்டால் ஐந்தாண்டு என்றும் இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்கிறது. ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும் என்றும் ஒரு வரி அங்கே இருக்கிறது; அது பொருந்தாது என்று பத்திரத்தில் எழுதிவிட்டால் போதும்.

19 ஜூன் 2025

"இப்படிப் பேசினால் தமிழ்நாட்டில் ஒரு ஃப்ரெஷ்வொர்க்ஸ்கூட வந்திருக்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சென்னையில் முளைத்த அந்த மென்பொருள் நிறுவனத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதை எல்லோரும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறார்கள்.

2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் அதன் பங்கு ஒன்று 36 டாலருக்கு வெளியாகி நூறு கோடி டாலருக்கு மேல் திரட்டப்பட்டது நமக்கு நினைவிருக்கிறது. கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் அதைத் தொடங்கும்போது, வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருளைப் பல ஆண்டுகள் ஜோஹோவில் இருந்து கட்டி விற்ற அனுபவம் அவரிடம் இருந்தது என்பதும், அப்போது ஃப்ரெஷ்டெஸ்க் என்றிருந்த அதன் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு பள்ளி என்பதும், ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனம் 2011 இறுதியில் பத்து லட்சம் டாலர் போட்டபோது அவர்களிடம் ஏற்கெனவே பணம் கட்டும் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள் என்பதும் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? முன்பின் தெரியாத ஒருவர், கடல் கடந்த ஊரிலிருந்து, யாரும் நேரில் போய் டீ குடிக்காமலே பணம் கட்டினார். அந்த ஒரு கட்டணம் சொன்னதை உங்கள் ஆறு பாராட்டுகளும் சேர்ந்து சொல்லவில்லை.

(நாஸ்டாக் மணி அடித்ததோடு கதை முடியவும் இல்லை. 2022இல் அந்தப் பங்கு வெளியீட்டு விலையின் பாதிக்கும் கீழே இறங்கியது. நிறுவனம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வாடிக்கையாளர்கள் புதுப்பித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பங்கு விலை ஒரு கணக்கு, தொழில் வேறு கணக்கு.)

கிரீஷ் வேலை பார்த்த ஜோஹோவோ, 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி இன்றுவரை வெளி முதலீடு இல்லாமல் வளர்ந்தது. ஒரே ஊரில் இரண்டு வழிகளும் வென்றிருக்கின்றன. ஆகவே முதலீடு நல்லதா கெட்டதா என்பது வீண் பட்டிமன்றம். உங்கள் சந்தைக்கு அது பொருந்துமா என்பதைப் பாருங்கள். பனியன் ஜாப் ஒர்க் கம்பெனிகள் 5,000 உங்களுக்குப் பணம் கட்டுவதாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 36,000 என்றால் 18 கோடி. உங்கள் குடும்பம் மூன்று தலைமுறை உட்கார்ந்து சாப்பிடலாம். சில நூறு கோடி ரூபாயைத் திரட்டிப் பத்தாண்டுகளுக்குள் பல மடங்காக்கித் தர வேண்டிய ஒரு நிதிக்கு அது போதாது. அவர்கள் உங்களைப் பெங்களூருக்கும் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் விரட்டுவார்கள். விரட்டுவது அவர்கள் வேலை. அதற்கு நீங்கள் தயாரா என்பதை அவர்கள் காசோலை எழுதுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டும்.

22 ஜூன் 2025

இன்று ஞாயிறு, நேரம் இருக்கிறது; காசு எப்படி நகர்கிறது என்பதை எழுதுகிறேன். மென்பொருள் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இதைக் கணக்காளரின் வேலை என்று தள்ளிவிட்டு, கணக்காளர் கூப்பிடும்போதுதான் விழிக்கிறார்கள்.

ஒரு பெரிய கம்பெனிக்கு ஓராண்டுக்கு 1,00,000 ரூபாய்க்கு விற்கிறீர்கள். ஜிஎஸ்டி 18 விழுக்காடு சேர்த்து 1,18,000க்கு இன்வாய்ஸ் போடுகிறீர்கள். அவர்கள் டிடிஎஸ் என்று, பணம் தரும்போதே வருமான வரிக்காக, 1,00,000இல் 10 விழுக்காடு பிடித்துக்கொண்டால் 1,08,000 வரும், அதில் 18,000 அரசுக்குப் போகும், கையில் 90,000. பிடித்த 10,000 வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்க வேண்டியது. இதுவரை வலி இல்லை.

வலி நாட்களில் இருக்கிறது. இன்வாய்ஸ் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதி வாக்கில், அந்தக் கம்பெனி உங்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தராத நிலையிலும், 18,000 ரூபாயை நீங்கள் கட்டியாக வேண்டும். திருப்பூரிலும் கோவையிலும் தொண்ணூறு நாள் கடன் என்பது மரியாதையான கெடு. ஆக, உங்கள் வாடிக்கையாளரின் வரியை உங்கள் சேமிப்பிலிருந்து மூன்று மாதத்துக்கு வட்டியில்லாமல் கட்டுகிறீர்கள். பத்துப் பெரிய கம்பெனிகளைப் பிடித்துவிட்டேன் என்று வீட்டில் இனிப்பு கொடுத்த மாதத்தில்தான் வங்கிக் கணக்கு காலியாகும். என் தொழிலில் பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெரிய வாடிக்கையாளர், இன்வாய்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஜிஎஸ்டியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்தும்கொண்டு, காசோலைக்கு மட்டும் கையெழுத்துப் போடுகிறவர் வெளியூரில் இருக்கிறார் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன்பின் என் வழக்கம் இது. முதலில் ப்ரொஃபார்மா இன்வாய்ஸ் (தொகையை மட்டும் தெரிவிக்கும், வரிக் கணக்கில் ஏறாத சீட்டு) மட்டும் தருவேன். பணம் வந்த பிறகே வரி இன்வாய்ஸ், அதன் பிறகே உள்நுழைவுக் கடவுச்சொல். சிறு கம்பெனிகள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. போன் ரீசார்ஜும் இப்படித்தானே நடக்கிறது என்று அவர்களே சொல்வார்கள்.

உத்யம் என்ற, சிறு, குறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவைச் செய்து அந்த எண்ணை ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அச்சிடுங்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. 2006 ஆம் ஆண்டுச் சிறு, குறு நிறுவனச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் கெடு வைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். இந்தச் சட்டம் வெகுகாலம் காகிதத்திலேயே இருந்தது. 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஒரு உட்பிரிவு சேர்ந்தது. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, அதை உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை, வாங்கியவர் செலவாகக் காட்ட முடியாது. அது வந்த பிறகு மார்ச் மாதத்தில் கணக்குப் பிள்ளைகளே போன் செய்து "உங்க பாக்கி எவ்வளவு சார்?" என்று கேட்கிறார்கள். சட்டம் ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுத்ததா என்றால் தெரியாது, ஆடிட்டர் கற்றுக்கொடுத்துவிட்டார்.

23 ஜூன் 2025

ஆடிட்டர் ஒருவர் எழுதியிருக்கும் திருத்தம் சரியானது. சேவை வழங்குகிறவருக்கு ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்துக்கான டிடிஎஸ் வரம்பும் இந்த ஏப்ரல் முதல் 30,000இலிருந்து 50,000ஆக உயர்ந்திருக்கிறது. ஆகவே 36,000 கட்டும் ஆறு கம்பெனிகளுக்கு நேற்று நான் எழுதிய கணக்கு அப்படியே பொருந்தாது. அது அடுத்த கட்டத்துக்கானது. ஆனாலும் பெரிய கம்பெனிகள் ஜிஎஸ்டி எண் இல்லாதவரிடம் வாங்கத் தயங்கும் என்பதால், அவசரப்பட்டுப் பதிவு செய்தவர்கள் பலர். பதிவு செய்துவிட்டால் சிறு கடைக்காரரிடமும் 18 விழுக்காடு வாங்கியாக வேண்டும்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனியா, எல்எல்பியா (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) என்று கேட்டவருக்கு: பிரைவேட் லிமிடெட்டுக்கு வரவு ஒரு ரூபாயாக இருந்தாலும் ஆண்டுத் தணிக்கை கட்டாயம். எல்எல்பிக்கு வரவு 40 லட்சத்தையோ மூலதனம் 25 லட்சத்தையோ தாண்டினால்தான். வெளி முதலீடு வாங்கப்போவது உறுதியானால் பிரைவேட் லிமிடெட். இல்லாவிட்டால் அவசரம் இல்லை.

6 ஜூலை 2025

"எங்களிடம் டேலி இருக்கிறதே" என்று இரண்டு கம்பெனிகள் சொன்னதாகவும், டேலியால் இதைச் செய்ய முடியாது என்று விளக்கிக் களைத்துப்போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விளக்க வேண்டாம். அந்த வாக்கியத்தின் பொருள், எங்கள் கணக்குப் பிள்ளை சம்மதிக்க வேண்டும் என்பதுதான்.

டேலி எப்படி வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆலைகளுக்கும் நெசவு மில்களுக்கும் மூலப்பொருளும் இயந்திர உதிரிகளும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்கை எழுத ஏற்ற மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986இல் பெங்களூரில் தொழில் தொடங்கியது. நிரல் தெரியாத வணிகர் ஒருவர் பக்கத்தில் நின்று, எங்களுக்கு இப்படித்தான் வேண்டும் என்று சொல்லச் சொல்ல எழுதப்பட்ட மென்பொருள் அது. நாற்பது ஆண்டுப் பழக்கத்தைப் பத்து நிமிட டெமோவில் வெல்ல முடியாது, வெல்ல வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் சலான் பதிவு மாலையில் டேலிக்குள் தானாக ஏறும்படி செய்துகொடுங்கள். அன்றைக்குக் கணக்குப் பிள்ளை ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போவார். அடுத்த ஆண்டுப் புதுப்பித்தலுக்கு முதலாளியிடம் வாதாடப்போவது அவர்தான்.

உங்கள் உண்மையான போட்டியாளர் டேலி அல்ல, சலான் புத்தகம். மின்சாரம் போனாலும் அது வேலை செய்யும்.

27 ஜூலை 2025

மூன்று வாரம் பேசவில்லை, வேலை இருந்தது. இதற்கிடையில் நீங்கள் எழுதியதைப் படித்தேன்: ஒரு கம்பெனியில் முதலாளிக்குச் செயலி மிகவும் பிடித்திருந்தும் பதிவுகள் மெல்ல மெல்ல நின்றுவிட்டன, காரணம் புரியவில்லை என்கிறீர்கள்.

ஒரு பவுண்டரியில் எனக்கும் இது நடந்தது. வார்ப்புகளை எண்ணிப் பதிய வேண்டிய சூப்பர்வைசர், முதல் மாதம் ஒழுங்காகப் பதிந்தார். பிறகு போனில் சார்ஜ் இல்லை, நெட் இல்லை, கை அழுக்கு என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் வந்தது. பெரிய பொத்தான்கள் வைத்தேன், தமிழில் மாற்றினேன், குரலில் பதியும் வசதி செய்தேன். எதுவும் பயன்படவில்லை. கடைசியில் அங்கே வேலை பார்த்த மூத்த மோல்டர் ஒருவர்தான் சொன்னார்: உடைந்த வார்ப்புகளை அடுத்த நாள் கணக்கில் சேர்த்து ஓட்டுவது அங்கே பழக்கம், உன் போன் அதை அன்றைக்கே முதலாளிக்குச் சொல்லிவிடுகிறது.

அவர் திருடவில்லை. மாதக் கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் ஒரு நெளிவு சுளிவை என் மென்பொருள் பிடுங்கிவிட்டது. பணம் கொடுப்பவர் ஒருவர், பதிகிறவர் வேறொருவர், பதிவதால் மாட்டிக்கொள்பவரும் அந்த இரண்டாமவரே என்னும் இடத்தில் எந்தச் செயலியும் நிற்காது.

உங்கள் தொழிலில் இது இன்னும் கூர்மையானது. துணி சாயப்பட்டறைக்குப் போய் வரும்போது எடை குறையும். எவ்வளவு குறைவது நியாயம் என்பதில்தான் கம்பெனிக்கும் பட்டறைக்கும் சண்டை. உங்கள் செயலி அந்தக் குறைவைக் கிலோ கணக்கில் எல்லோர் முன்னும் வைக்கிறது. அந்தக் குறைவின் பழி விழுகிற பக்கம் நிற்பவர் யார், அவருக்கு இதனால் என்ன நன்மை என்று பாருங்கள். உதாரணமாக, சரியாகப் பதியப்பட்ட சலானுக்கு அந்த வாரமே ஜாப் ஒர்க் கூலி பாஸாகும் என்று முதலாளியிடம் ஒப்புதல் வாங்கிவிட்டால், பதிகிறவரே உங்களைத் தேடி வருவார். நான் பவுண்டரியில் செய்தது இதைவிட எளியது. உடைந்தவற்றுக்குத் தனிக் கட்டம் வைத்து, அந்தக் கட்டம் வார இறுதியில் மட்டும் முதலாளிக்குத் தெரியும்படி மாற்றினேன். சூப்பர்வைசருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. முதலாளிக்கும் தேவையான எண் கிடைத்தது. தொழில்நுட்ப ரீதியில் அது பின்னோக்கிய மாற்றம். அந்தப் பவுண்டரி இன்றும் புதுப்பிக்கிறது.

இப்படிப்பட்டவை சென்னைக் காபிக் கடையில் முதலீட்டாளருடன் உட்கார்ந்து பேசும்போது வராது, இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் நின்றால்தான் வரும். போகும்போது சனிக்கிழமையைத் தவிருங்கள். வாரச் சம்பளம் போடும் நாளில் முதலாளியிடம் செயலி காட்டுகிறவனை நாயும் மதிக்காது.

30 ஆகஸ்ட் 2025

அமெரிக்கா இந்த மாதம் 7ஆம் தேதி 25 விழுக்காடும், 27ஆம் தேதி மேலும் 25 விழுக்காடும் இந்தியப் பொருட்கள் மீது வரி போட்ட பிறகு, "இனித் திருப்பூரை நம்பி ஒரு நிறுவனமா?" என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். கேள்வி நியாயமானது. ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே வகை வாடிக்கையாளர் என்றால் அந்த ஊருக்குக் காய்ச்சல் வந்த அன்றே உங்களுக்கும் வரும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, சாயத்தோடு சம்பந்தமே இல்லாத மெஸ்களும் லாரிகளும் வாடகை வீடுகளும் சேர்ந்து படுத்தன.

ஆனால் இதற்கு, பயந்து எல்லா ஊருக்கும் எல்லாத் தொழிலுக்கும் செயலி செய்வது மருந்தாகாது. அட்வென்ட்நெட் தொலைத்தொடர்புக் கருவி தயாரிப்பவர்களுக்கு நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் விற்றுக்கொண்டிருந்தது. 2001 வாக்கில் அந்தத் துறை சரிந்தபோது வாடிக்கையாளர்கள் கரைந்தார்கள். கையில் இருந்த அதே அறிவை வைத்து, நிறுவனங்களின் ஐடி துறைகளுக்கு ஏற்ற மேனேஜ்எஞ்சின் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். ஜோஹோ என்று நாம் இன்று அறிந்தது அதற்கும் பிறகு 2005இல்தான். தெரிந்த வேலை ஒன்றுதான், வாங்குகிறவர்கள் மட்டும் மாறினார்கள். அதற்குக் கடன் சுமை இல்லாததும் கையில் காசு இருந்ததும் முக்கியம்.

உங்களுக்கு இதைப் பொருத்தினால்: பொருள் ஒரு பட்டறையிலிருந்து இன்னொரு பட்டறைக்குக் கைமாறிக் கைமாறிப் போகும் எந்தத் தொழிலிலும் உங்கள் சலான் கணக்கு செல்லும். கோவை பம்ப் உதிரிகள் அப்படித்தான், கரூர் வீட்டு ஜவுளியும் அப்படித்தான். இன்றைக்கே போக வேண்டாம். உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன் தைக்கும் கம்பெனிகள் உங்கள் ஆறில் எத்தனை என்று எண்ணிப்பாருங்கள், அவர்களுக்கு இந்த வரி நேரடியாக இல்லை.

21 செப்டம்பர் 2025

பாதிப் பங்கு கேட்கும் நண்பர் பற்றி நான் இதுவரை பேசவில்லை என்று நினைவூட்டியிருக்கிறீர்கள். வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன், ஏனென்றால் நண்பரைப் பற்றி அந்நியன் சொல்லும் அறிவுரை எடுபடாது.

பாதி கொடுங்கள், ஆனால் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். நான்கு ஆண்டுகளில் படிப்படியாகச் சேரும்படியும், முதல் ஓராண்டு முடிவதற்குள் விலகினால் எதுவும் இல்லை என்றும் எழுதுங்கள். இந்த நிபந்தனை உங்களுக்கும் சேர்த்து இருக்கட்டும். உங்கள் பெயரில் ஏற்கெனவே எழுதிய நிரலுக்கு ஒரு சிறு முன்பங்கு வைத்துக்கொள்வது நியாயமே. இதைப் பேசும்போது நண்பர், "நமக்குள்ளே எதுக்குடா இதெல்லாம்?" என்பார். நமக்குள்ளே என்பதால்தான் தேவை. அந்நியர்கள் பிரிந்தால் வழக்கறிஞர்கள் மட்டும் பேசிக்கொள்வார்கள். நண்பர்கள் பிரிந்தால் இரண்டு வீட்டு அம்மாக்களும் பேசாமல் போவார்கள்.

அவர் பங்குக்கு வருகிறார் என்றால் என்ன செய்யப்போகிறார் என்பதும் முக்கியம். உங்களைப் போலவே அவரும் நிரல் எழுதுகிறவர் என்றால், இரண்டு பேர் அறைக்குள் உட்கார்ந்து மூன்றாவது பதிப்பை எழுதுவீர்கள், வெளியே போய்ப் பாக்கி வசூலிக்க ஆள் இருக்காது. என் அனுபவத்தில் விற்பவரைவிட வசூலிப்பவர் கிடைப்பது கடினம். கூச்சமில்லாமல், கோபமும் இல்லாமல், செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கிழமை போய் நிற்கும் ஆள் வேண்டும்.

22 செப்டம்பர் 2025

வேலையை விடும் நாள் வந்தால், ராஜினாமாக் கடிதத்துக்கு முன் செய்ய வேண்டிய ஒன்று. அலுவலகக் குழு மருத்துவக் காப்பீட்டில் பெற்றோர் இருக்கிறார்களா? வேலையோடு அதுவும் போகும். அம்மாவுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், புதிய தனிநபர் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை இருக்கலாம். குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் திட்டத்துக்கு மாறும் வசதி உண்டு; வேலையில் இருக்கும்போதே விசாரித்துவிடுங்கள். வீட்டுக் கடன் தேவைப்பட்டால் அதையும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே யோசியுங்கள். சொந்தத் தொழில் செய்கிறவரிடம் வங்கி சில ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கைக் கேட்கும், உங்கள் முதல் இரண்டு ஆண்டுக் கணக்கைப் பார்த்துச் சிரிக்கும்.

துணிச்சலைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஒன்றரை ஆண்டு வீட்டுச் செலவு வங்கியில் இருந்தால் துணிச்சல் தானாக வருவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். அது இல்லாதவர், மோசமான வாடிக்கையாளருக்கும் மோசமான முதலீட்டாளருக்கும் சரி என்று சொல்லிவிடுகிறார்.

5 அக்டோபர் 2025

20ஆம் தேதி தீபாவளி. இப்போது திருப்பூரில் யாரிடமும் பணம் கேட்காதீர்கள். போனஸ் பட்டுவாடா முடியும் வரை கம்பெனிகளின் மூச்சே அதில்தான். தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திரும்பி, இயந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு கேளுங்கள்.

அரசுத் திட்டங்கள் பற்றிக் கேட்டவருக்கு: 2021இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டம், அங்கீகரிக்கப்பட்ட இன்குபேட்டர்கள் (புதுத் தொழில்களை வளர்க்கும் மையங்கள்) வழியாக, மாதிரி வடிவத்துக்கு 20 லட்சம் வரை மானியமாகவும் சந்தைக்குக் கொண்டுவர 50 லட்சம் வரை கடன் வகையிலும் தரும்படி வகுக்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் விதை நிதித் திட்டமான டான்சீட்டும் இருக்கிறது. விண்ணப்பியுங்கள், ஆனால் விண்ணப்பம் எழுதுவதையே தொழிலாக்கிக்கொண்டவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் எல்லாப் போட்டியிலும் பரிசு வாங்குவார்கள், ஒரு வாடிக்கையாளரிடமும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

9 நவம்பர் 2025

முடிவைப் பகிர்ந்ததற்கு மகிழ்ச்சி. ஆறில் இருவர் முழு ஆண்டுப் பணம் கட்டியிருக்கிறார்கள், ஒருவர் மாதத் தவணை கேட்கிறார், மூவர் போனை எடுப்பதில்லை. இது கெட்ட செய்தி அல்ல. அந்த மூவருக்காக இதுவரை எழுதிய வசதிகளை அழித்துவிட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை, நிரல் எளிதாகும்.

பணம் கட்டிய இருவரில் ஒருவர் மேலும் இரண்டு கம்பெனிகளை அறிமுகம் செய்ததாகச் சொல்கிறீர்கள். வேலையை விடுவது பற்றி என் பதில் ஜூனில் சொன்னதிலிருந்து கொஞ்சம் நகர்கிறது. அப்போது, "இப்போது வேண்டாம்" என்றேன். இனி, அறிமுகமான இரண்டு கம்பெனிகளும் உங்களுக்கு உறவோ நட்போ இல்லாதவர்கள் என்பதால், அவர்களும் முன்பணம் கட்டினால் ராஜினாமாக் கடிதத்தை எழுதத் தொடங்கலாம். உங்கள் நிறுவனத்தில் 90 நாள் நோட்டீஸ் என்றால், கடிதம் கொடுத்த பிறகும் மார்ச் நெருங்கும் வரை சம்பளம் வரும். சென்னை முதலீட்டாளரிடம் அதுவரை எதுவும் பேச வேண்டாம். மறுபடி பேசும்போது பயனர் எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள், வங்கிக் கணக்கில் வந்ததைக் காட்டுங்கள்.

மாதத் தவணை கேட்டவருக்கு அட்டை வேண்டாம். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பற்று விதி நடைமுறைக்கு வந்தபோது, அட்டையை நம்பி மாதக் கட்டணம் வாங்கிய பல நிறுவனங்களின் வசூல் ஒரே மாதத்தில் தடுமாறியது. யூபிஐ ஆட்டோபே போடுங்கள். ஒரு முறை ஒப்புதல் தந்துவிட்டால் 15,000 ரூபாய் வரை மாதாமாதம் பின் எண் கேட்காது. விலையை 3,000 என்று வைக்காதீர்கள், 3,500 என்று வையுங்கள். ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டியவர்கள் அதைக் கேள்விப்பட்டால் தங்களுக்கு லாபம்தான் என்று நினைக்க வேண்டும். பற்றுத் தேதியை முதல் வாரத்தில் வைக்க வேண்டாம். வங்கித் தவணைகளெல்லாம் அப்போதுதான் கழியும், உங்களுடையது திரும்பி வரும். 12 அல்லது 13 என்று வைத்துக்கொள்ளுங்கள்.